"கேஸ்தான் டாக்டர், வேற ஒண்ணும் இல்ல"

கிளினிக்கில் காய்ச்சல், சளியை விட நான் அதிகம் கேட்கிற சொல் 'கேஸ்'. சாப்பிட்டதும் வயிறு உப்புகிறவருக்கும் கேஸ், படுத்தால் தொண்டை வரை புளித்து ஏறுகிறவருக்கும் கேஸ், முதுகு பிடித்துக்கொண்டால்கூட "கேஸ் போய் அங்க உக்காந்துடுச்சு". (வயிற்றுக் காற்று முதுகுத் தசைக்குள் போக வழியே இல்லை. சொன்னால் யாரும் நம்புவதில்லை.) இதில் பெரும்பாலானவற்றால் உயிருக்கு ஆபத்து கிடையாது. எனக்குப் பயமெல்லாம், நெஞ்சு வலிக்கும் இதே பேரை வைத்துவிட்டு வீட்டில் ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றித்தான்.

ஒருவர் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது மேட்டில் ஏறினால் நடு நெஞ்சு அடைக்கிறதாம். வழியில் பெட்டிக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சோடா குடித்தால் ரெண்டு ஏப்பம் வந்து அஞ்சு நிமிஷத்தில் சரியாகிவிடுகிறதாம், அதனால் கேஸ்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஏப்பத்தில் வந்தது சோடாவில் இருந்த காற்று. வலி போனது அவர் நடையை நிறுத்தி உட்கார்ந்ததால். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் சுருங்கியிருந்தால் நடக்கும்போது ரத்தம் போதாமல் வலிக்கும், நின்றால் தேவை குறைந்து வலியும் அடங்கும், ஆனால் பேர் என்னவோ சோடாவுக்குத்தான் போகிறது. எங்கே வலிக்கிறது என்று கேட்டேன், விரலால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டாமல் மூடிய கையை நெஞ்சின் நடுவில் வைத்து அழுத்தினார். அப்புறம் என்ன, இ.சி.ஜி., ஆஞ்சியோ, அடைப்பு.

நடந்தால் வந்து நின்றால் போகிற வலி, தாடைக்கோ இடது கைக்கோ இறங்குகிற வலி, கூடவே குப்பென்று வியர்வை, வாந்தி, மூச்சு வாங்கல் என்றால் அதைக் கேஸ் என்று முடிவு கட்ட வீட்டில் யாருக்கும் உரிமை இல்லை, பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இல்லை. சில மாரடைப்புகளில் வலி மேல்வயிற்றிலேயே நிற்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல் வெறும் அசதியும் வியர்வையுமாக வரலாம். 108-ஐக் கூப்பிடுங்கள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தானே பைக் ஓட்டி வருகிற வீரமெல்லாம் வேண்டாம். பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம்தான் இருக்கிறதா, அங்கேயே போங்கள்: தமிழக அரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் மாரடைப்புக்கான முதல் கட்ட மாத்திரைகளை அங்கேயே கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். முதல் இ.சி.ஜி. நார்மலாக இருந்தாலும் டாக்டர் மறுபடி எடுக்கச் சொன்னால், இதயத் தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை கேட்டால், காசு பிடுங்குகிறார்கள் என்று எழுந்து வந்துவிடாதீர்கள். தொடக்கத்தில் இ.சி.ஜி.யில் ஒன்றும் தெரியாமல் போவது உண்டு.

சரி, நிஜமான கேஸ்? நாம் விழுங்கும் காற்று ஒரு பங்கு, செரிக்காமல் பெருங்குடலுக்குப் போன மொச்சையையும் பருப்பையும் அங்குள்ள கிருமிகள் புளிக்கவைப்பதில் வருவது இன்னொரு பங்கு. ஒரு நாளைக்குப் பத்து இருபது தடவை காற்றுப் பிரிவது இயல்பு, வெட்கப்படவோ மருந்து தேடவோ வேண்டாம்.

இதற்கு, காலையில் வெறும் வயிற்றில் போடுகிற அந்தப் பான்டோப்ரசோல் மாத்திரை உதவாது. அது அமிலச் சுரப்பைக் குறைக்கிற மாத்திரை, காற்றைக் குறைப்பதல்ல. நெஞ்செரிச்சலுக்கும் குடல் புண்ணுக்கும் அருமையான மருந்து, மறுக்கவில்லை. ஆனால் மூட்டு வலி மாத்திரைக்குத் துணையாக எழுதிக் கொடுத்ததை, வலி மாத்திரையை நிறுத்திய பிறகும் வருடக்கணக்கில் கடையில் வாங்கிப் போடுகிறவர்கள் ஏராளம். நீண்ட நாள் போட்டால் சிலருக்கு பி12, மெக்னீசியம் குறையும். திடீரென்று நிறுத்தினால் சில வாரங்களுக்கு அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கும், "பாத்தீங்களா, மாத்திரை இல்லாம முடியல" என்று அடுத்த அட்டையை வாங்குவது அந்தச் சமயத்தில்தான். படிப்படியாகக் குறைப்பதே வழி. இதய நோய்க்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போடுகிறவர்கள் மட்டும் இதை வாசித்துவிட்டு பான்டோப்ரசோலை நீங்களாக நிறுத்தாதீர்கள், வயிற்றில் ரத்தக் கசிவு வராமலிருக்கத்தான் பலருக்கு அதைக் கொடுத்திருப்பார்கள். மலம் தார் மாதிரி கறுத்துப் போனால், சாப்பாடு தொண்டைக்குக் கீழே சிக்கினால், காரணமில்லாமல் எடை குறைந்தால், மாத்திரையை மாற்றிப் பார்க்கிற வேலை வேண்டாம், எண்டோஸ்கோபி பார்க்க வேண்டியிருக்கும். இரும்புச் சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், அதனால் என்னென்ன மாத்திரை போடுகிறீர்களோ எல்லா அட்டையையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.