ஆத்தங்குடிக் கல்லில் நடக்கும் ஆமை

காரைக்குடிப் பக்கம் விடுமுறை நாட்களில் பிள்ளைகளுக்கு நிரல், அதாவது கணினிக்கான கட்டளை வரிசை, எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். அதற்கு நான் முதலில் தேடுவது கணினியை அல்ல, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை. கண்ணாடிமேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றி, கையாலேயே செய்கிற கல் அது. பழைய வீடுகளின் வளவை, அதாவது உள்முற்றத்தைச் சுற்றிலும் சதுரம் சதுரமாகக் கிடக்கும். கட்டம் வரைகிற வேலை மிச்சம்.

விளையாட்டு எளிது. ஒரு பிள்ளைதான் ரோபோ. அதற்கு மூன்றே கட்டளைகள் தெரியும்: ஒரு கல் முன்னே போ, வலது பக்கம் திரும்பு, இடது பக்கம் திரும்பு. இன்னொரு பிள்ளை எல்லாக் கட்டளைகளையும் தாளில் எழுதித் தர வேண்டும். ரோபோ நடக்கத் தொடங்கிய பிறகு வாய் திறக்கக் கூடாது. தூணடியில் வைத்த கொட்டானை (ஓலைக் கூடையை) ரோபோ எட்டினால் வெற்றி.

முதல் தடவை அநேகமாக யாரும் எட்டுவதில்லை. ஓர் ஆறாம் வகுப்புப் பையன் எழுதியபடி நடந்த அவன் தங்கை, கொட்டானுக்கு நேர் எதிர்ப்பக்கம் போய்ச் சுவரில் முட்டி நின்றாள். "வலதுன்னுதானே எழுதினேன்!" என்றான். "என் வலது இதுதாண்ணே" என்று கையைத் தூக்கிக் காட்டினாள். அவன் அவளுக்கு எதிரே உட்கார்ந்து எழுதியிருந்தான். எழுந்து போய், அவள் முதலில் நின்ற கல்லில் நின்று, அவள் பார்த்த பக்கம் பார்த்து, தாளை அடித்துத் திருத்தினான். நிரல் எழுதுவதில் ஆகப் பெரிய பாடத்தை அந்த ஒரு நிமிடத்தில் அவன் படித்துவிட்டான் என்றே நினைக்கிறேன்.

1967-இல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோய்ர்சைக் ஆகியோர் பிள்ளைகளுக்காக லோகோ என்ற நிரல் மொழியை உருவாக்கினார்கள். பிற்பாடு அதோடு ஓர் 'ஆமை' சேர்ந்தது. பேனாவைச் சுமந்துகொண்டு தரையில் ஊர்ந்து, போகிற வழியெல்லாம் கோடு போடும் சின்ன ரோபோ அது. ஆமையின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கும் பிள்ளை, தன் உடம்பைக் கொண்டே கணக்கை யோசிக்க முடியும் என்று பேப்பர்ட் நம்பினார்.

அப்புறம் சதுரம். மூன்று கல் முன்னே, வலது. மூன்று கல் முன்னே, வலது... எழுதிக் கை வலித்ததும், "இதையே நாலு தடவை செய்னு எழுதலாமா?" என்று யாராவது கேட்பார்கள். எழுதலாம். அதற்குப் பெயர்தான் மடக்கு.

முக்கோணத்துக்குக் கல் உதவாது. சரி, மடிக்கணினியில் ஸ்க்ராட்சைத் திறப்போம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஊடக ஆய்வகம் 2007-இல் வெளியிட்ட இலவச மென்பொருள். வண்ணக் கட்டளைத் துண்டுகளை ஒன்றின்கீழ் ஒன்றாகக் கோத்தால் திரையில் ஒரு பூனை நடக்கும். பேனாவை இறக்கினால் கோடும் போடும். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று படித்த பிள்ளைகள், '100 அடி நட, 60 பாகை திரும்பு, 3 தடவை செய்' என்று கோப்பார்கள். பூனை மூன்று கோடு போடும், ஆனால் உருவம் மூடாது. திரையில் பாதி அறுகோணம் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும்.

மறுபடி தரைக்கு வருவோம். கயிற்றால் முக்கோணம் போட்டு, அதன்மேல் நடக்கச் சொல்வேன். முனைக்கு வந்து நிற்கும்போது முகம் இன்னும் வந்த நேர்க்கோட்டையே பார்க்கிறது. அடுத்த பக்கத்தைப் பார்க்க உடம்பு 120 பாகை சுழல வேண்டும். 60 என்பது முக்கோணத்துக்கு உள்ளே இருக்கும் கோணம். நடப்பவருக்கு வேண்டியது வெளிக்கோணம். 3 × 120 = 360, ஒரு முழுச் சுற்று. சதுரத்துக்கும் 4 × 90 = 360. ஐந்துமுனை நட்சத்திரம் வேண்டுமா? 144 பாகை, 5 தடவை. கூட்டினால் 720. ஆமாம், நட்சத்திரம் போட்டு முடிப்பதற்குள் பூனை இரண்டு முழுச் சுற்று சுற்றிவிடுகிறது. நடந்து பார்த்த பிள்ளைக்கு இது மனப்பாடம் செய்ய வேண்டிய சூத்திரமாக இருக்காது.

'இப்படி ஆனால் இதைச் செய்' என்கிற நிபந்தனையைக் கற்றுக்கொடுக்க எனக்குப் பிடித்த கருவி பல்லாங்குழி. 14 குழி, குழிக்கு 5 சோழி. ஒருமுறை வீட்டு ஆச்சியிடம் ஆட்டத்தைக் கேட்டு எழுதச் சொன்னேன். "அள்ளிப் போட்டுக்கிட்டே போ, அடுத்த குழி காலின்னா துடைச்சு எடு" என்று ஆச்சி ஒரே மூச்சில் முடித்துவிட்டார். எந்தப் பக்கமாகப் போட வேண்டும்? கைச்சோழி தீர்ந்தால் எந்தக் குழியை அள்ள வேண்டும்? துடைத்த பிறகு எந்தக் குழியில் இருப்பதை எடுப்பது? ஆச்சியின் விரலுக்குத் தெரிந்த இத்தனையும் தாளில் இல்லை. ரோபோவுக்கு ஒவ்வொன்றையும் சொல்ல வேண்டும்.

முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற தமிழ் நிரல் மொழி இங்கே கைகொடுக்கிறது. அதில் நிபந்தனையை முதலில் எழுதி, பிறகு 'ஆனால்' என்று போட வேண்டும். பொருந்தாவிட்டால் 'இல்லை', கடைசியில் 'முடி'. 'அடுத்த குழி காலி ஆனால்' என்று நாம் பேசுகிற வரிசையிலேயே நிரலும் அமைகிறது.

நிரலைப் படித்துப் பார்த்த ஒரு சிறுமி கேட்டாள்: "காலிக் குழி வரவே இல்லைன்னா ரோபோ எப்ப நிறுத்தும்?" நிற்கச் சொல்லும் வரி வேறெதுவும் தாளில் இல்லை. அன்று மத்தியானம் முழுக்க நாலு பேர் பலகையைச் சுற்றி உட்கார்ந்து, சோழிகளை விதவிதமாக அடுக்கி, நிற்காத ஆட்டம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.