ஆன்டிபயாடிக் எழுதினால் காரணமும் எழுத வேண்டும்: ஆஸ்பத்திரி விதிமுறைகள்

மத்திய அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம் 2024 ஜனவரியில் மருத்துவர்களுக்கு அனுப்பிய கடிதத்தின் சாரம் இது: ஆன்டிபயாடிக் எழுதினால், எதற்காகக் கொடுக்கிறோம் என்பதையும் சீட்டிலேயே குறிக்க வேண்டும். வெறுமனே 'காய்ச்சல்' என்று எழுதுவதைக் காரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஏற்காடு காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவர் ஒரு வாரக் காய்ச்சலோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி நாலு நாள் போட்டும் இறங்கவில்லை. ஸ்க்ரப் டைபஸ் (புதர்களில் இருக்கும் நுண்ணிய உண்ணி கடித்து வரும் காய்ச்சல்) என்றால் இறங்காதுதான். அந்த மருந்து கிருமியின் சுவரைத் தாக்கக்கூடியது. இந்தக் கிருமியோ நம் உடல் செல்லுக்குள்ளேயே வாழ்வது. அக்குள், தொடையிடுக்கு, இடுப்பில் துணி இறுக்கும் இடம், காதுக்குப் பின்புறம் எல்லாம் பார்க்க வேண்டும். சிகரெட்டால் சுட்டது போல, வலியில்லாத கறுத்த பொருக்கு இருக்கலாம். இல்லாமலும் போகலாம். பெரியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. தினம் இரண்டு வேளை, 7 நாள், கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின். பெரும்பாலானவர்களுக்கு 48 மணி நேரத்தில் காய்ச்சல் விடும். 'தோட்ட வேலை, ஸ்க்ரப் டைபஸ் சந்தேகம்' என்று முதல் நாளே எழுதியிருந்தால் அந்த ஊசிகளே தேவைப்பட்டிருக்காது.

உள்நோயாளிக்கு ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துக் கண்டறியும் சோதனை) எடுப்பதாக இருந்தால், முதல் டோஸுக்கு முன்பே எடுக்க வேண்டும். இரண்டு வெவ்வேறு இடங்களில் குத்தி, பெரியவர்களுக்குப் பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. அதிகம் தவறுவது இங்கேதான். ஆத்தூரிலோ ஓமலூரிலோ ஊசி போட்டுவிட்டு சேலம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அதன்பின் எடுக்கும் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். அதனால் ரெஃபரல் கடிதத்தில் மருந்து, அளவு, போட்ட நேரம் மூன்றும் இருக்க வேண்டும். ரத்த அழுத்தம் விழுந்த செப்சிஸ் (தொற்று முற்றி உறுப்புகளைப் பாதிக்கும் நிலை) நோயாளிக்கு மட்டும் கல்ச்சருக்காகக் காத்திருக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏற வேண்டும்.

மருந்து தொடங்கிய 48 முதல் 72 மணி நேரத்துக்குள் மறுபரிசீலனை: நிறுத்தலாமா, குறிப்பான மருந்துக்கு மாற்றலாமா, ஊசியை விட்டு மாத்திரைக்கு வரலாமா? ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் இது தள்ளிப்போவது ஊரறிந்த விஷயம்.

அறுவைச் சிகிச்சையில், புண் சீழ் பிடிக்காமலிருக்கத் தரும் தடுப்பு டோஸ் கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள். பெரும்பாலும் செஃபாசோலின் 2 கிராம். அறுவை 4 மணி நேரத்தைத் தாண்டினால் இன்னொரு டோஸ். 24 மணி நேரத்தில் நிறுத்திவிட வேண்டும். 'தையல் பிரிக்கும்வரை இருக்கட்டும்' என்று மாத்திரை நீட்டுவதால் புண் சீழ் பிடிப்பது குறையாது. வயிற்றுப்போக்கும் மருந்துக்கு அடங்காத கிருமியும்தான் மிச்சம்.

மருந்துக்கடைக்கு எச்1 அட்டவணை (விற்பனையில் கூடுதல் கட்டுப்பாடு உள்ள மருந்துகளின் பட்டியல்), 2014 மார்ச் 1 முதல். செஃபிக்ஸிம், லெவோஃப்ளாக்ஸசின், மெரோபெனம் எல்லாம் இதில் அடக்கம். லேபிளில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும். எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் ஏற்றி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அமாக்சிசிலின் இந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் சீட்டில்லாமல் விற்கக் கூடாது.

உள்நோயாளியாக இருந்தவரோ அவர் சார்பில் உரிமை பெற்றவரோ எழுதிக் கேட்டால் சிகிச்சைப் பதிவுகளை 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்கிறது மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதி. டிஸ்சார்ஜ் சம்மரியோடு நின்றுவிடாமல் கல்ச்சர் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்கள். எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும், எதற்குக் கட்டுப்படாது என்ற பட்டியல் அதில்தான் இருக்கும். அடுத்த முறை அட்மிட் ஆகும்போது டியூட்டி டாக்டர் முதலில் கேட்க வேண்டியதும் அதைத்தான்.