ஹீமோஃபிலியா: உறையாமையா, உறைவுக் குறைபாடா?

‘ஹைமா’ என்றால் கிரேக்கத்தில் இரத்தம். ‘ஃபிலியா’ என்றால் நாட்டம். இரத்தம் கசியும் இயல்பு என்ற பொருளில் ஜெர்மானிய மருத்துவர் ஃபிரீட்ரிக் ஹொப்ஃப் 1828-இல் எழுதிய ஆய்வேட்டில் ‘ஹீமோஃபிலியா’ என்ற சொல் வருகிறது. தமிழில் ‘இரத்தம் உறையாமை’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். ‘குருதி உறைவுக் குறைபாடு’ என்பதே சரி. உறையாமை என்றதும் விரலில் கீறினால் இரத்தம் நிற்காமல் கொட்டிவிடும் என்று பயப்படுகிறோம். காயத்தை முதலில் அடைக்கும் இரத்தத் தட்டணுக்கள் சரியாக இருப்பதால் மீன் செதில் கீறிய சின்னக் காயத்தை அழுத்திப் பிடித்தாலே நின்றுவிடும். ஆழமான வெட்டில்தான் கசிவு நீளும். நின்றது போலிருந்து சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரும். வேகமாக வடிவதில்லை, நெடுநேரம் வடிகிறது.

இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களுக்கு உறைவுக் காரணிகள் என்று பெயர். குறைவது காரணி 8 என்றால் ஏ வகை, காரணி 9 என்றால் பி வகை. பி வகைக்குக் ‘கிறிஸ்துமஸ் நோய்’ என்றும் பெயர். பண்டிகைக்கும் அதற்கும் தொடர்பில்லை, 1952-இல் விவரிக்கப்பட்ட நோயாளியின் குடும்பப் பெயர் அது. காரணி அளவு இயல்பானதில் 1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கடுமை, 1 முதல் 5 வரை நடுத்தரம், அதற்கு மேல் 40 வரை லேசு.

உண்மையான சேதம் உள்ளே, மூட்டுகளில். பாம்பனிலோ மண்டபத்திலோ வலை இழுத்த பையனுக்கு மறுநாள் முழங்கால் வீங்கினால், சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவிவிடும் வழக்கம் இருக்கிறது. இந்தக் குறைபாடு உள்ளவனுக்கு அதைச் செய்யவே கூடாது. நீவ நீவ உள்கசிவு கூடும். ஒரே மூட்டில் திரும்பத் திரும்பக் கசிந்தால் உட்சவ்வு தடித்து, குருத்தெலும்பு அரித்து, கால் மடங்கியபடியே நின்றுவிடும். வீக்கத்துக்கு முன்பே மூட்டில் சுருசுருவென்று உணர்வும் சூடும் வரும். பையன் அதைச் சொன்னால் நம்புங்கள், காரணி ஊசி போட வேண்டிய நேரம் அதுதான். மூட்டை அசைக்காமல் வைத்து, துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் ஒற்றலாம். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும்; ஆஸ்பிரின், புரூஃபென், டைக்ளோஃபெனாக், இடுப்பில் போடும் தசை ஊசி எதுவும் வேண்டாம்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சுன்னத்தின்போதுதான் சில குழந்தைகளுக்கு இது தெரியவரும். தாய்மாமனுக்கோ அம்மாவழித் தாத்தாவுக்கோ இரத்தக் கசிவு இருந்திருந்தால் முதலில் இரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் ஏ.பி.டி.டி. பரிசோதனையும் காரணி அளவும் பாருங்கள். காரணி ஏற்றிக்கொண்டு மருத்துவமனையில் சுன்னத் செய்யலாம். கடத்தியாக, அதாவது இந்தக் குறைபாட்டின் மரபணுவைச் சுமப்பவளாக இருக்கும் தாயின் ஒவ்வொரு மகனுக்கும் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று மருமகளையோ சம்பந்தியையோ பழிப்பது தவறு. மூன்றில் ஒரு பங்குக் குடும்பங்களில் முன்பு யாருக்கும் இருந்ததே இல்லை.

காரணி மருந்தின் கணக்கு எளிது. உடல் எடையில் கிலோவுக்கு 1 யூனிட் காரணி 8 ஏற்றினால் அளவு 2 சதவீதம் உயரும். காரணி 9 என்றால் 1 சதவீதம். 50 கிலோ ஏ வகைப் பையனுக்கு 40 சதவீதம் உயர்த்த 1,000 யூனிட். வழக்கமான அளவு ஏற்றியும் கசிவு அடங்காவிட்டால், மருந்தை முறிக்கும் எதிர்ப்பொருள் உருவாகியிருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். ஏ வகைக்குக் கசிவு வராமல் தடுக்கத் தோலடியில் போடும் எமிசிசுமாப் என்ற மருந்தும் இருக்கிறது. வாரம், இரு வாரம் அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை.

ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் 50 கிலோமீட்டருக்கு மேல். வழியில் காரணி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும், உறைந்துவிடவும் கூடாது. மீன் ஐஸ்பெட்டியே போதும். ஆனால் குப்பி ஐஸில் நேரடியாகப் படாமல் துண்டில் சுற்றி டப்பாவுக்குள் வையுங்கள். மருந்துப் பொடியை அதற்கான நீரில் கலக்கும் முன் இரண்டும் அறைச் சூட்டுக்கு வரட்டும். குலுக்காமல், உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல உருட்டிக் கரையுங்கள். குலுக்கினால் நுரைத்து மருந்து வீணாகும்.