கேப் வண்டிக்குள் ஓர் ஆடு

பால் குடித்து முடித்த ஆட்டுக்குட்டியைப் பார்த்திருப்பீர்கள். சும்மா நிற்கும். திடீரென்று நான்கு கால்களும் ஒன்றாகத் தரையை விட்டு எழும்பும். அந்தரத்திலேயே இடுப்பை ஒரு திருகு திருகி வேறு பக்கம் பார்த்து இறங்கும். இந்தத் துள்ளலுக்கு ஆங்கிலத்தில் 'கேப்பர்' என்று பெயர்.

லத்தீனில் 'காப்பெர்' என்றால் கிடா. அந்தச் சொல்லிலிருந்தே ஒரு சிறு மானுக்கும் பெயர் வந்தது. இத்தாலியில் அது 'கப்ரியோலோ', அதன் பாய்ச்சல் 'கப்ரியோலா'. இன்றைக்கு இத்தாலியர் குட்டிக்கரணத்தையும் அப்படித்தான் சொல்கிறார்கள். வியன்னாவின் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளியில் வெள்ளைக் குதிரைகள் எம்பிக் குதித்து, அந்தரத்தில் பின்னங்கால்களை உதைக்கும் வித்தைக்கும் இதே பெயர்தான். பிரெஞ்சுக்காரர்கள் இதை 'கப்ரியோல்' என்று வாங்கிக்கொண்டார்கள். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்தில், வால் அறுந்து 'கேப்பர்' ஆனது.

சரி, பிரெஞ்சுக்கு இது வெளியிலிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? ஒலிதான் சாட்சி. லத்தீனிலிருந்து நேராக இறங்கிய சொற்களில், முதலில் நிற்கும் 'க' பிரெஞ்சில் பொதுவாக 'ஷ' ஆகிவிடும். குதிரையைக் குறித்த 'கபல்லுஸ்' 'ஷெவால்' ஆனது. பெட்டை ஆடான 'காப்ரா' 'ஷேவ்ர்' ஆனது. 'கப்ரியோல்' மட்டும் 'க'வை விடவில்லை. அந்த மாற்றம் ஓய்ந்த பிறகு வீட்டுக்குள் வந்த விருந்தாளி அது.

ஆங்கிலத்தில் இன்னொரு 'கேப்பரும்' உண்டு: ஊறுகாய் போடும் ஒரு மொட்டு. அது கிரேக்கத்து 'கப்பாரிஸ்'; ஆட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஆட்டுக்கறிக்குத் தொட்டுக்கொள்வார்கள்! ஷேக்ஸ்பியர் விடுவாரா? 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தில் ஒருவர், தனக்குக் கேப்பர் துள்ளல் போடத் தெரியும் என்று பீற்றிக்கொள்ள, அதற்கு ஆட்டுக்கறி வெட்டத் தனக்குத் தெரியும் என்கிறார் இன்னொருவர்.

அப்புறம் 18ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் இரண்டு சக்கரக் குதிரை வண்டி ஒன்று வந்தது. எடை குறைவு; கல் பாவிய தெருவில் துள்ளித் துள்ளித்தான் போகும். 'கப்ரியோலே' என்று பெயர் வைத்தார்கள். 1820களில் லண்டனில் அது வாடகைக்கு ஓடியபோது, மக்கள் வாயில் 'கேப்' என்று சுருங்கிவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டணம் காட்டும் மீட்டர் பொருத்திய மோட்டார் வண்டி வந்ததும் 'டாக்ஸிமீட்டர் கேப்' என்றார்கள். இவ்வளவு நீளத்தை யார் சொல்வது? இரண்டாக உடைத்துவிட்டார்கள். மீட்டர் இருந்த துண்டு டாக்ஸி. ஆடு இருந்த துண்டைத்தான் இப்போது சென்னையில் ஆப்பில் புக் செய்கிறோம்.