டெட்ரா: போலீஸ் வயர்லெஸும் அதைச் சுற்றிய அச்சமும்

டெட்ரா (பெயர்ச்சொல்): காவல்துறை, தீயணைப்புத் துறை, ஆம்புலன்ஸ் போன்ற அவசரப் பணியாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் டிஜிட்டல் வயர்லெஸ் முறை. ஐரோப்பாவில் உருவான தரநிலை இது. பிரிட்டன், ஜெர்மனி, நெதர்லாந்து, பின்லாந்து, நார்வே எனப் பல நாடுகளின் காவல்துறைகள் இதில்தான் பேசுகின்றன. டெல்லியிலும் 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியை ஒட்டி இந்த முறை வந்தது.

இணையத்தில் இந்தச் சொல்லைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் வயர்லெஸ் பற்றித் தெரிந்துகொள்ளத் தேடுவதில்லை. "டெட்ரா மூளையைக் கட்டுப்படுத்தும்", "டெட்ரா கோபுரம் புற்றுநோய் தரும்" என்று யாரோ அனுப்பியதைப் படித்துவிட்டுப் பயத்தோடு வருகிறார்கள். அதனால் சொல்லின் பொருளோடு அந்தப் பயத்தின் வேரையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

டெட்ரா என்பது ஆங்கிலத் தொடர் ஒன்றின் முதலெழுத்துச் சுருக்கம். முதலில் அது 'ஐரோப்பா தழுவிய டிரங்க் ரேடியோ' என்று விரிந்தது. ஐரோப்பாவுக்கு வெளியேயும் பரவத் தொடங்கியதும் சுருக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, விரிவை மட்டும் 'நிலவழி டிரங்க் ரேடியோ' என்று மாற்றினார்கள். செயற்கைக்கோள் வழியாக இல்லாமல் நிலத்தில் நிற்கும் கோபுரங்கள் வழியாகப் பேசுவதால் 'நிலவழி'. ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தரநிலை நிறுவனம் 1995இல் முதல் தரநிலையை வெளியிட்டது. கிரேக்கத்தில் 'டெட்ரா' என்றால் நான்கு. இந்த முறையில் ஓர் அலைவரிசையை நான்கு பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பதால் பெயரும் பொருந்திப்போனது.

'டிரங்க்' நமக்குப் புதிய சொல் இல்லை. தொலைபேசி நிலையத்தில் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த 'டிரங்க் கால்' காலத்தை ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 'டிரங்குப் பெட்டி'யும் அதே சொல்தான். மூலப்பொருள் அடிமரம். கிளைகள் எல்லாம் வந்து சேரும் தண்டு போல, பல இணைப்புகள் வந்து சேரும் முதன்மைத் தடத்துக்குத் தொலைபேசிக்காரர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். பழைய போலீஸ் வயர்லெஸில் ஒவ்வொரு பிரிவுக்கும் தனி அலைவரிசை உண்டு. ஒன்று நாள் முழுக்கச் சும்மா கிடக்கும், இன்னொன்றில் பேச இடமே இருக்காது. டிரங்க் முறையில் எல்லா அலைவரிசைகளும் பொதுவில் இருக்கும். பேசும் பொத்தானை அழுத்தியதும் காலியாக இருக்கும் ஒன்றைக் கணினியே எடுத்துக் கொடுக்கும், வங்கியில் ஒரே வரிசையில் நின்று எந்தக் கவுன்டர் காலியோ அதற்குப் போவதைப் போல.

இனி வருவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வதந்திகள் பலவும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

டெட்ராவில் ஓர் அலைவரிசையின் அகலம் 25 கிலோஹெர்ட்ஸ். அதை நேரத்தால் நான்காக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு துண்டும் சுமார் 14 மில்லிவினாடி. ஒரு போலீஸ்காரர் பேசும்போது அவர் கையிலிருக்கும் கருவி தன் முறை வரும்போது மட்டும் 14 மில்லிவினாடி ஒலிபரப்பிவிட்டு, மற்ற மூன்று துண்டுகளுக்கும் அமைதியாக இருக்கும். இந்தச் சுற்று வினாடிக்கு ஏறத்தாழ 17.6 முறை நடக்கிறது. பயம் இந்த எண்ணில்தான் ஒட்டிக்கொண்டது.

1975இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் ராஸ் ஏடியின் குழுவினர் கோழிக்குஞ்சின் மூளைத் திசுவை எடுத்து, அதன்மேல் வலிமை ஏறி இறங்கும் வானலைகளை, அதாவது ரேடியோ அலைகளை, செலுத்திப் பார்த்தார்கள். வினாடிக்கு 16 முறை ஏறி இறங்கியபோது திசுவிலிருந்து கால்சியம் கூடுதலாக வெளியேறியது என்று அறிவித்தார்கள். பின்னர் செய்த சோதனைகளில் சிலவற்றில் இது தென்பட்டது, சிலவற்றில் தென்படவில்லை. மனித உடலுக்கு இதனால் என்ன ஆகும் என்பதும் தெளிவாகவில்லை. ஆனாலும் கைப்பேசிகளின் பாதுகாப்பை ஆராய்ந்த சர் வில்லியம் ஸ்டூவர்ட் தலைமையிலான பிரிட்டிஷ் குழு, 2000 மே மாத அறிக்கையில் ஒரு முன்னெச்சரிக்கை வரியைச் சேர்த்தது: எதிர்காலத் தொழில்நுட்பங்களில் 16 ஹெர்ட்ஸை (வினாடிக்கு 16 முறை) ஒட்டிய ஏற்ற இறக்கத்தை, முடிந்தால் தவிர்ப்பது நல்லது.

அதே ஆண்டில்தான் பிரிட்டன் தன் காவல்துறைக்கு 'ஏர்வேவ்' என்ற டெட்ரா வலையமைப்பை அமைக்க ஒப்பந்தம் போட்டது. டெட்ராவின் 17.6 என்ற எண் 16க்குப் பக்கத்தில் இருக்கிறது. 2001இல் முதன்முதலாக இதைப் பயன்படுத்திய லங்காஷயர் காவல்துறையில் சிலருக்குத் தலைவலி, குமட்டல் என்று புகார்கள் வந்தன. நாள் முழுக்க உடம்போடு ஒட்டிக் கிடக்கும் கருவியைப் பற்றி ஒரு காவலர் கேள்வி கேட்டது முழுக்க நியாயம். அப்படிக் கேட்டவர்களை அன்றே சதிக்கோட்பாட்டுக்காரர்கள் என்று ஒதுக்கியிருந்தால் அது பெரிய அநீதியாக இருந்திருக்கும். கேள்வியும் வீண் போகவில்லை. அதற்குப் பதில் தேடப் பல ஆண்டுகள் உழைத்தார்கள்.

புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவியவர்களில் ஒருவரான சர் ரிச்சர்ட் டால் தலைமையில் ஓர் ஆலோசனைக் குழு 2001இல் டெட்ராவுக்கென்றே அறிக்கை தந்தது. தெரியாத இடங்கள் இன்னும் உண்டு, ஆனால் இதன் தனித்தன்மைகளால் உடல்நலத்துக்குத் தீங்கு வர வாய்ப்பில்லை என்றே சான்றுகள் காட்டுகின்றன என்றது. முக்கியமான ஒரு விஷயத்தையும் அது தெளிவாக்கியது: துடித்துத் துடித்து ஒலிபரப்புவது கையிலுள்ள கருவிதான். கோபுரம் இடைவெளியில்லாமல் தொடர்ந்து ஒலிபரப்புகிறது. அதாவது, "17.6 ஹெர்ட்ஸ் துடிப்பு" என்று சொல்லி ஊர் ஊராகக் கோபுரங்களுக்கு எதிராகக் கிளம்பிய பயத்துக்கு அடிப்படையே இல்லை, அந்தத் துடிப்பே கோபுரத்தில் கிடையாது. அப்புறம் டெட்ரா அலையை வைத்து நரம்பணுக்களிலும் இதயத்தசை அணுக்களிலும் கால்சியத்தை அளந்து பார்த்தார்கள். குறிப்பிடும்படியான மாற்றம் எதுவும் இல்லை.

எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். மின்காந்த அலை தங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொன்ன 51 பேரையும், அப்படி எதுவும் இல்லாத 132 பேரையும் அழைத்தார்கள். முதலில் வெளிப்படையான சோதனை. "இப்போது டெட்ரா கோபுர அலை ஓடுகிறது" என்று சொல்லியே போட்டார்கள். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு உடல் உபாதைகள் கூடின. அடுத்து, வெளி அலைகள் நுழையாத அறையில் மூடிய சோதனை. அலை ஓடுகிறதா இல்லையா என்பது உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாது, சோதனை நடத்துபவருக்கும் தெரியாது. இப்போது அலை இருக்கிறதா என்று கேட்டபோது, குத்துமதிப்பாகச் சொன்னால் எவ்வளவு சரியாக வருமோ அவ்வளவுதான் வந்தது. இந்த முடிவுகள் 2010இல் வெளிவந்தன.

அந்தத் தலைவலி நடிப்பு என்று இதற்குப் பொருள் இல்லை. வலி உண்மையானது. அதைக் கிளப்பியது அலை அல்ல, அலை வருகிறது என்ற எண்ணம். மருத்துவத்தில் இதற்கு நோசிபோ என்று பெயர். மருந்துப்போலியால், அதாவது மருந்தே இல்லாத வெறும் மாத்திரையால், நோய் குறைவதன் மறுபக்கம் இது. அப்படியானால் "இது உங்களைக் கொல்லும்" என்று ஊர் முழுக்கப் பரப்புகிறவர் அந்த வலியில் ஒரு பங்கைத் தாமே உண்டாக்குகிறார். இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

நீண்டகாலக் கேள்விக்கு லண்டன் இம்பீரியல் கல்லூரி பதில் தேடியது. 2004இல் தொடங்கிய ஆய்வில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட காவல்துறையினர் சேர்ந்தார்கள். அவர்களில் 48,518 பேரைப் பற்றிய புற்றுநோய் ஆய்வு 2019இல் வெளிவந்தது. வயர்லெஸைப் பயன்படுத்தியவர்களுக்குப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. தொடர்ந்து கவனித்த காலம் சராசரியாக ஆறு ஆண்டுகள்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மெதுவாக வளரும் நோய்களுக்கு அது போதாது. எனவே இன்னும் நீண்ட காலம் கவனிப்பது அவசியம்தான். ஆனால் ஆபத்து நிரூபிக்கப்பட்டுவிட்டது என்று சொல்ல இதில் எந்த இடமும் இல்லை.

சரி, மூளையைக் கட்டுப்படுத்தும் கதை எங்கிருந்து வந்தது? 17.6 ஹெர்ட்ஸ், மூளையின் மின்னலைகளில் ஒரு வகையான பீட்டா அலைகள் இயங்கும் 13 முதல் 30 ஹெர்ட்ஸ் எல்லைக்குள் விழுகிறது. இரண்டு எண்கள் பக்கத்தில் இருப்பதே தொடர்புக்குச் சான்று என்று எடுத்துக்கொண்டார்கள். கூடவே ஓர் உண்மைச் சம்பவமும் உரம் போட்டது. பனிப்போர்க் காலத்தில் மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தை நோக்கிச் சோவியத் தரப்பு ஆண்டுக்கணக்கில் மைக்ரோஅலை வீசியது. அமெரிக்க அரசு அதை ஊழியர்களிடம் நெடுங்காலம் சொல்லவில்லை. பின்னர் நடந்த ஆய்வில் அவர்களுக்கு அதனால் நோய் வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் மறைத்தார்கள் என்பது மறைந்துபோகவில்லை. "அன்று மறைத்தவர்கள் இன்று மறைக்க மாட்டார்களா?" என்ற கேள்வியில் வலு இருக்கிறது. அது சந்தேகப்படக் காரணம் ஆகும். சான்று ஆகாது.

இவ்வகைக் கதைகளைத் தமிழில் சதிக்கோட்பாடு என்கிறோம். எனக்கு இதில் மனக்குறை உண்டு. கோள், பாடு சேர்ந்து கோட்பாடு. ஆராய்ந்து கொண்ட கருத்தைக் குறிக்கும் மதிப்பான சொல். எந்தச் சோதனை முடிவு வந்தாலும் "ஆய்வாளரும் சதியில் பங்கு" என்று தப்பித்துக்கொள்ளும் கதைக்கு அந்த மதிப்பைத் தருவானேன்? சதிப்புனைவு என்பதே போதும்.

இன்னொரு சொற்குழப்பம் தமிழில் மட்டும் கூடுதலாகப் படுத்துகிறது. கதிர்வீச்சு என்றால் எந்த அலையும் பரவுவது. வெயிலும் அதில் அடக்கம். கதிரியக்கம் என்றால் யுரேனியம் போன்ற பொருள்களின் அணுக்கரு சிதைந்து கதிர்களை வெளியிடுவது. செய்திகளில் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். "வயர்லெஸ் கதிர்வீச்சு" என்று படித்ததும் செர்னோபிலும் ஹிரோஷிமாவும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. டெட்ரா இயங்கும் 400 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு துகளுக்கு (அலை சுமக்கும் ஆற்றலின் மிகச் சிறிய பொட்டலத்துக்கு), அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கத் தேவையான ஆற்றலில் பல லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அது செய்யக்கூடியதாக உறுதியாகத் தெரிந்தது சூடாக்குவதுதான். அதற்குத்தான் பன்னாட்டு வரம்புகள் உள்ளன. கைக்கருவியின் உச்சத் திறன் வழக்கமாக 1 வாட். நான்கில் ஒரு பங்கு நேரமே ஒலிபரப்புவதால் சராசரி கால் வாட். பழைய 2ஜி கைப்பேசியின் அதிகபட்சச் சராசரியும் அதே அளவுதான். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் வானலைகளை 'புற்றுநோய் தர வாய்ப்பிருக்கலாம்' என்ற 2பி பிரிவில் வைத்தது உண்மை. அந்தப் பிரிவுக்குச் சான்று குறைவு, ஆனால் முற்றாக ஒதுக்கவும் முடியவில்லை என்பதே பொருள்.

டெட்ராவில் மறைத்து வைத்த ஒன்று நிஜமாகவே இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் உடல்நலம் பற்றிப் பேசியவர்கள் அல்லர். மிட்நைட் ப்ளூ என்ற நெதர்லாந்துப் பாதுகாப்பு நிறுவனம், பேச்சை மற்றவர் ஒட்டுக்கேட்க முடியாதபடி மாற்றும், இரகசியமாக வைத்திருந்த குறியாக்க முறைகளைப் பிரித்துப் பார்த்து, 2023இல் முடிவுகளை வெளியிட்டது. டீஇஏ1 என்ற முறையில் 80 பிட் நீளம் இருக்க வேண்டிய சாவி (பூட்டைத் திறக்கும் இரகசிய எண்), உள்ளுக்குள் 32 பிட்டாகச் சுருக்கப்பட்டிருந்தது. சாதாரணக் கணினியே உடைத்துவிடும் அளவு அது. 'புறவாசல்' (வேண்டுமென்றே விட்டுவைத்த இரகசிய வழி) என்ற சொல்லைத் தரநிலை நிறுவனம் மறுத்தது, ஏற்றுமதி விதிகளுக்காகச் செய்தது என்றது. ஒருவர் காட்டியதை இன்னொருவர் செய்து சரிபார்க்க முடிந்தது. மறைத்ததை வெளிக்கொண்டு வருவது என்றால் இதுதான்.

கடைசியாக, தமிழில் எப்படி எழுதுவது? ரேடியோவுக்கு வானொலி இருக்கிறது. ஆனால் அது பாட்டும் செய்தியும் கேட்கும் பெட்டியைத்தான் நினைவூட்டுகிறது. இருவழிப் பேச்சுக்குத் தமிழகப் போலீஸ் வழக்கு 'வயர்லெஸ்', 'மைக்', 'வாக்கி டாக்கி'. ஈழத்தில் 'வோக்கி'. எழுத்து வழக்குக்கு 'வானலைத் தொடர்பு' பொருந்தும். 'டிரங்க்' என்பதை 'அடிமர' என்றோ 'நெடுந்தொலைவு' என்றோ மொழிபெயர்ப்பதில் பயனில்லை. தடங்களைப் பொதுவில் வைத்துப் பங்கிட்டுக்கொள்வதே அதன் செயல் என்பதால் 'பகிர்தடம்' சரியாக வரும். ஆக, கட்டுரைகளில் முதல் முறை 'நிலவழிப் பகிர்தட வானலைத் தொடர்பு' என்று முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் டெட்ரா என்றே எழுதலாம். செய்தித்தாளுக்கு 'பகிர்தட வயர்லெஸ்' போதும். அதோடு கதிர்வீச்சு என்று எழுத நேர்ந்தால் 'வானலைக் கதிர்வீச்சு' என்று முழுதாக எழுதுங்கள். 'கதிரியக்கம்' என்று ஒருபோதும் எழுத வேண்டாம்.