வீட்டுத் தோட்டத் தொகுப்பு: பூச்சிக்கு அதில் என்ன இருக்கிறது, கடையில் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுக்கெனத் தமிழகத் தோட்டக்கலைத் துறை கொண்டுவந்த திட்டங்களில் இரண்டைத் தெரிந்துவைத்தால் போதும். 2025 ஜூலையில் தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை விதைகள் ஒரு தொகுப்பு. பப்பாளி, கொய்யா, எலுமிச்சைக் கன்றுகள் இன்னொரு தொகுப்பு. இரண்டுக்கும் முழு மானியம், காசு கட்ட வேண்டாம். மற்றொன்று மாடித்தோட்டத் தளை, அதாவது மாடியில் தோட்டம் போடுவதற்கான பொருள்களின் தொகுப்பு. 900 ரூபாய் மதிப்புள்ள இது 2021-22இல் மானியம் போக 225 ரூபாய்க்குக் கிடைத்தது. மானியமும் ஒதுக்கீடும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

உழவர் செயலியிலோ துறையின் இணையதளத்திலோ பதியலாம். செயலி சரிப்படாதவர்கள் ஆதார் அட்டையோடு தங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போகலாம். அகஸ்தீஸ்வரம், தோவாளை முதல் முஞ்சிறை, மேல்புறம் வரை நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒன்பது வட்டாரங்கள் உண்டு.

மாடித்தோட்டத் தளையில் ஆறு பைகள், இரண்டு கிலோ தென்னைநார்க் கழிவுக் கட்டிகள் ஆறு, விதைகள், உயிர் உரப் பொட்டலங்கள், ஒரு பாட்டில் வேம்பு மருந்து, கையேடு ஆகியவை இருக்கும். பலர் குழம்புவது இங்கேதான். அந்தப் பொட்டலங்களில் அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் உரம். டிரைக்கோடெர்மா வேரழுகல் போன்ற பூஞ்சை நோய்களுக்கானது. மக்கிய தொழுவுரத்தில் கலந்து மண்ணில் இட வேண்டும். இதைக் கரைத்து இலையில் தெளித்துவிட்டுப் புழு சாகவில்லையே என்று பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. பூச்சிக்கு என்று உள்ளது அந்த 100 மில்லி வேம்பு பாட்டில் மட்டுமே.

வேம்பு மருந்து பூச்சியைத் தெளித்தவுடன் கொன்றுவிடாது. பூச்சி இலையைத் தின்னாமலும் வளராமலும் தடுக்கும். வெயிலில் அதன் வீரியம் போய்விடும், ஆகவே மாலையில் தெளியுங்கள். ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை என்றிருக்கும் நம் ஊரில் தெளித்த கையோடு மழை பெய்தால் மருந்து கழுவிப் போகும். வானம் வெளுத்த பிறகு மறுபடி தெளிக்கத்தான் வேண்டும். அளவைப் பாட்டிலில் பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டில் தீர்ந்தால் வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம் இடித்துத் துணியில் கட்டி, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, ஒரு லிட்டராக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்தால் வேலை முடிந்தது.

கத்தரியின் (நம் பக்கம் வழுதலங்காய்) குருத்து வாடித் தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது. தண்டுக்குள் இருக்கும் புழுவை எந்தத் தெளிப்பும் எளிதில் எட்டாது. வாடிய நுனியைக் கிள்ளி அழித்துவிட வேண்டும். பாகல், புடலையில் பிஞ்சு வெம்பி அழுகினால் பழ ஈ. உதிர்ந்ததைப் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள், பிஞ்சைக் காகிதப் பையால் மூடுங்கள். வெண்டை இலை மஞ்சள் வலையாகப் போனால் அது வெள்ளை ஈ பரப்பும் நோய். அந்தச் செடி தேறாது, பிடுங்கிவிடலாம்.

தென்னைக்குக் கீழே உள்ள மிளகாய், வாழை இலைகளில் கரி படிந்ததுபோல் இருந்தால் மேலே பாருங்கள். ஓலையின் அடியில் சுருள் வெள்ளை ஈ இருக்கும். இந்தியாவில் 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட பூச்சி இது. அது கழிக்கும் இனிப்புத் திரவத்தில்தான் கரும்பூஞ்சை வளர்கிறது. இதற்கு ரசாயன மருந்து வேண்டாம். அடித்தால் இந்த ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற சிறு குளவியும் சேர்ந்து சாகும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிப்பதும், விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டையை மரத்தில் கட்டுவதுமே துறை சொல்லும் வழி.

இவ்வளவுக்குப் பிறகும் கடை மருந்துதான் வேண்டும் என்றால், 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971 விதிகளும் உங்கள் பக்கம் நிற்கின்றன. பெரிய கேனிலிருந்து சின்ன பாட்டிலில் ஊற்றித் தருவது விதிமீறல். ‘நூறு மில்லி ஊத்திக் குடுங்க’ என்று நாமே கேட்பது வழக்கமாகிவிட்டது, அது வேறு விஷயம். லேபிள் ஒட்டிய, சீல் உடையாத பாட்டிலும் ரசீதும் கேட்டு வாங்குங்கள். லேபிளில் நிற அடையாளம் இருக்கும்: சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் கடும் நஞ்சு, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்த நஞ்சு. ஆறு பைச் செடிக்குச் சிவப்பும் மஞ்சளும் வீட்டுக்குள் வரவே கூடாது என்பது என் கருத்து. எந்தப் பயிருக்கு அனுமதி என்பதும் அதில் இருக்கும். மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லியைக் காய்கறிக்கு அடிக்கவே கூடாது.

என்ன பூச்சி என்றே பிடிபடவில்லையா? தாக்கிய இலையையோ காயையோ ஒரு பையில் போட்டுக்கொண்டு திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, மேற்குப் பக்கத்தவர்கள் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்கோ போய்க் காட்டலாம். நேரில் போக முடியாதவர்களுக்குக் கிசான் அழைப்பு மையம் 1800-180-1551. கட்டணமில்லை, காலை 6 முதல் இரவு 10 வரை தமிழிலேயே பேசலாம்.