‘ரத்தம் கம்மி’ என்று சீட்டை மூடி வைக்காதீர்கள்

போன வாரம் ஏற்காட்டுப் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றிலிருந்து எட்டு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி முடிகிற வரை பிள்ளை அழவே இல்லை என்று பாட்டி பெருமையாகச் சொன்னார். அழக்கூடத் தெம்பில்லை, பாட்டி. உள்ளங்கை வெளுத்துக் கிடந்தது, இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் கைக்குத் தட்டுப்பட்டது. ஹீமோகுளோபின் 4.2. மாந்தம் என்று இரண்டு மாதம் நாட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். பரிசோதனையில் பீட்டா தலசீமியா மேஜர், அதாவது உடலில் ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்த நோயின் கடுமையான வகை. இதே கதையை இன்னும் எத்தனை முறைதான் கேட்பது?

எனக்குத் தாங்காமல் போனது தாயின் மஞ்சள் பையிலிருந்த கர்ப்பகாலச் சீட்டுகளைப் பார்த்தபோதுதான். ஹீமோகுளோபின் 10.8, எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 62, சிவப்பணு எண்ணிக்கை 56 லட்சம். மூன்று சீட்டிலும் ஏறக்குறைய இதே எண்கள். மூன்றிலும் ஒரே குறிப்பு: ரத்தசோகை, சத்து மாத்திரை.

ரத்தம் கம்மி என்றால் இரும்புச்சத்து கம்மி, மாத்திரை போட்டால் சரியாகிவிடும். படித்தவர்களும் இப்படித்தான் நம்புகிறார்கள். பல நேரம் அது உண்மைதான், எப்போதும் இல்லை. இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுக்கும், எண்ணிக்கையும் பெரும்பாலும் குறையும். தலசீமியா கேரியருக்கும், அதாவது நோயில்லாமல் அந்த மரபணுக் குறையை மட்டும் சுமப்பவருக்கும், அணு சிறுத்திருக்கும், ஆனால் எண்ணிக்கை கூடுதலாக இருக்கும். எம்.சி.வி.யை சிவப்பணு எண்ணிக்கையால், அதாவது 62ஐ 5.6ஆல் (56 லட்சத்தைப் பத்து லட்சக் கணக்கில் சொன்னால் 5.6), வகுத்துப் பாருங்கள்: பதினொன்று. 13க்குக் கீழே வந்தால் சந்தேகப்பட வேண்டும். அரை நிமிடக் கணக்கு! முருங்கைக்கீரை, பேரீச்சை, டானிக் எல்லாம் நல்லவைதான், ஆனால் பரம்பரையாக வந்த குறையை அவை மாற்றாது. இதைப் படித்துவிட்டு கர்ப்பிணிகள் யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இரண்டு குறையும் ஒருவரிடமே இருக்கலாம். அதனால்தான் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. பரிசோதனையோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்கிறோம். கேரியரிடம் கூடுதலாக இருக்கும் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகையை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம்; இரும்பு மிகவும் குறைந்திருந்தால் அந்த ஏ2 அளவு இறங்கி, கேரியர் என்பதே மறைந்துபோகலாம்.

“முகாமிலே பார்த்தாச்சு, நார்மல்னு சொன்னாங்க சார்” என்றார் குழந்தையின் அப்பா. விசாரித்தால், அது சிக்கிள் செல் என்ற இன்னொரு பரம்பரை ரத்த நோய்க்கான கரைதிறன் சோதனை. அதில் தலசீமியா தெரியாது. 2023இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் நாற்பது வயது வரை உள்ளவர்களுக்கு சிக்கிள் செல் பரிசோதனை நடக்கிறது, நல்ல விஷயம். ஆனால் எந்தச் சோதனை எடுத்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சேர்வராயன் மலையில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் பெரும்பாலும் பக்கத்து ஊர்களுக்குள்ளேயே. ஒரே குறையைச் சுமக்கும் இருவர் சந்திக்க வாய்ப்பு அதிகம். சேலம் டவுனிலும் அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் நடக்கிறது, ஆகவே மலைக்கு மட்டுமான பிரச்சினை என்று யாரும் ஒதுங்க வேண்டாம். உறவே இல்லாத இருவரும் கேரியர்களாக இருக்கலாம்.

கேரியர் நோயாளி இல்லை. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன். வேலை செய்யலாம், கல்யாணம் செய்யலாம், பிள்ளை பெறலாம். துணைக்கும் அதே குறை இருந்தால்தான் சிக்கல்: ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பித்துவிடும் என்று அர்த்தமில்லை.

மாமியார்களே, மருமகளைப் பழிக்காதீர்கள். பாதி உங்கள் மகனிடமிருந்தும் வந்திருக்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். கல்யாணத்துக்கு முன்பே இருவரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். தவறிவிட்டால், கர்ப்பம் உறுதியானதுமே. மனைவிக்குக் குறை என்று தெரிந்தால் கணவர் திருப்பூரில் இருந்தாலும் லீவு போட்டு வரட்டும், கருவைப் பரிசோதிக்க 10 முதல் 12 வாரமே தோதான நேரம். ஐந்தாம் மாதம் வந்து நின்றால் எங்கள் கையும் கட்டிப்போகிறது. சக மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ரத்தம் ஏற்றும் முன்பே மாதிரி எடுத்துவிடுங்கள். ஏற்றிய பிறகு எடுத்தால் கொடையாளியின் ரத்தமும் கலந்துதான் தெரியும்.

அந்தக் குழந்தைக்கு இனி மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். அடுத்த முறை வரும்போது தன் தங்கையையும், தையில் அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் மாமன் மகனையும் அழைத்து வருவதாகத் தாய் சொல்லியிருக்கிறார். ரத்த மாதிரி எடுக்கும் ஊதா மூடிக் குழாய் இரண்டு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.